கட்டைவிரல் செல்லாது

அன்பு மச்சானுக்கு,

முதலில் நல்ல செய்தி. உங்கள் மாடுகள் அத்தனையும் பத்திரம். செவலையின் கன்றுகூடத் தப்பிவிட்டது. போன இடத்தில் மாட்டுக் கவலையெல்லாம் இருக்குமா? உங்களுக்கு இருக்கும்.

போன வாரம் நம் ஊர் லாயாங் லாயாங் பக்கம் மழை விடவே இல்லை. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று எச்சரிக்கை வந்ததும், பாக் மான் அதை நம் மாட்டுக்காரர்களின் வாட்சாப் குழுவில் போட்டார். உங்களுக்குப் பிறகு அவர்தான் குழுவைப் பார்த்துக்கொள்கிறார். செம்பனைத் தோட்டத்துக்குள் மேய விட்டிருந்தவர்கள் எல்லாரும் மாடுகளை அவரவர்க்குப் பக்கத்து மேட்டுக்கு ஓட்டினார்கள். உங்கள் மாடுகளுக்கு எப்போதும் ரப்பர்த் தகடு உலர்த்திய பழைய புகைவீட்டு மேடுதான்.

உங்கள் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. "கட்டவிரலு செல்லாது லா! மேட்டுல மாடு நிக்கிற படத்த போடுங்க" என்று குரல் பதிவில் கத்துவீர்களே, அதுதான். காப்பிக்கடையில் உட்கார்ந்தபடி வெறும் கட்டைவிரல் பொம்மையை அனுப்பியவனை நீங்கள் சும்மா விட்டதுண்டா?

எல்லார் வீட்டுப் படமும் வந்தது. உங்கள் வீட்டுப் படம் மட்டும் வரவில்லை. அக்காதான் குழுவிலேயே இல்லையே! அவளுடைய பட்டன் போனுக்கு அடித்து அடித்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. நான் சிங்கப்பூரில், வேலையில். தேடிப் போன பாக் மானும் பாதையில் தண்ணீர் என்று திரும்பிவிட்டார். இப்போது அக்காவுக்குச் சோறு போடுவது அந்த மாடுகள்தான். ஒரு மாடு குறைந்தாலும் தண்ணீருக்குள் இறங்கிவிடுவாள். மறுபடியும் அடித்தேன், மச்சான்.

அப்போது குழுவில் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் பெயரைப் பார்த்தேன். நீங்கள்.

பயந்துகொண்டேதான் திறந்தேன். செவலையின் மூக்கு பாதிப் படத்தை அடைத்துக்கொண்டிருந்தது. பின்னால் புகைவீட்டுச் சுவர், மற்ற மாடுகள், கன்று. மலாய்க்காரரானாலும் தோட்டத்தில் நம்மோடு வளர்ந்து தமிழே பேசும் பாக் மானின் குரல் உடனே வந்தது: "அலமாக்! செத்தும் மாடு மேய்க்கிறியா நீ?"

தொழிற்சாலைக் கழிப்பறையில் நின்று சிரித்தேன். பிறகு அழுதேன். அதற்குள் உங்கள் எண்ணிலிருந்தே அக்கா கூப்பிட்டாள்.

"ஏன்டா அழுவுற? மெசேஜு அவரு போனுக்கும் வருமில்ல? மொதல்லயே ஓட்டிட்டு வந்துட்டேன். என் போனு வீட்லயே கெடக்கு. படம் அனுப்புற எடந்தான் தெரியாம தடவிக்கிட்டு நின்னேன்."

உங்கள் படத்துக்கு முன்னால் அந்தப் போனை வைத்து, தினமும் சார்ஜ் போட்டிருக்கிறாள். "ஆளே இல்ல, நம்பர் எதுக்குக்கா? வெட்டிடு" என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்டிவிட்டாள் என்றே நினைத்திருந்தேன். நல்லவேளை, என் பேச்சை அவள் என்றைக்குக் கேட்டாள்?

குழுவில் பெயரை மாற்றிவிடலாமா என்று பாக் மான் கேட்டார். "அவரு பேரே இருக்கட்டும். அப்பத்தான் பயந்துக்கிட்டு ஓட்டுவானுங்க" என்றாள் அக்கா.

இனி அந்த எண் என் பொறுப்பு, மச்சான். அதை உயிரோடு வைத்திருப்பேன். அடுத்த மழைக்கு லீவு போட்டு வந்து, அக்காவோடு நானும் மாடு ஓட்டுவேன். உங்களுக்குக் கட்டைவிரல் அனுப்பமாட்டேன், படம் வரும்.

இன்னும் உங்கள் திட்டுக்குப் பயப்படும் மச்சினன்,
சேகர்