இந்த வருடத்துப் பிழை என்னுடையது

மச்சான்,

போட்டோக் கொப்பி மெசினிலிருந்து வெளியே வரும் கடதாசி சூடாக இருக்கும். கையில் வாங்கியதும் ஒரு மணம் வரும், இஸ்திரிப் பெட்டிக்கும் புதுப் புத்தகத்துக்கும் நடுவில் ஒரு மணம். உன் சட்டையிலும் அதுதான் இருந்தது. "உனக்கு அத்தர் என்னத்துக்குடா, கொப்பி மணமே போதும்" என்று எத்தனை தரம் பகிடி பண்ணியிருப்பேன். போன செவ்வாய்க்கிழமை மழைக்குள் உன் கடைப் படியேறி, ஓட்டோவின் இன்சூரன்ஸ் கடதாசியைக் கொப்பி எடுத்துக் கையில் வாங்கினேன். அந்த மணம் முகத்தில் அடித்தது. தெருப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். முகம் மழையில் நனைந்ததென்று உன் மனைவி நினைத்திருக்கட்டும்.

எட்டு மாதத்தில் நான் உன் கடைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. எதிரே ஸ்டாண்டில் நாள் முழுக்க ஓட்டோவோடு நிற்கிறேன். ஆனால் கொப்பி எடுக்க அடுத்த சந்திக்குப் போவேன், போனுக்கு ரீலோட் போட பஸ் நிலையத்துக்குப் போவேன். அன்று அடுத்த சந்தி மெசின் பழுது. வேறு வழியில்லாமல்தான் வந்தேன்.

நீ போனபின் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடித்து உன் மனைவிதான் கடையைத் திறந்து நடத்துகிறாள். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. கடதாசியைத் தந்துவிட்டு, கூடப்பிறந்த அண்ணனிடம் கேட்பதுபோலச் சொன்னாள்.

"காக்கா, வருசம் முடியப் போகுது. அவர்ட பக்கத்துல அதுதான் இன்னும் மேல நிக்கிது. திறக்கிற ஆக்கள் எல்லாரும் அதத்தான் முதல்ல பாக்காங்க."

எது என்று எனக்குத் தெரியும். உன் வலைப்பூவில் நீ கடைசியாக எழுதியது. போன வருடக் கடைசியில் போட்டாய். தலைப்பு: "மறுப்பு: நான் இன்னும் இருக்கிறேன்."

"இந்த வருசத்துக்கு நீங்க எழுதித் தாங்க காக்கா. நான் தட்டிப் போடுறன்."

"நானா தங்கச்சி? அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்கு சலாம் சொன்னவன் நான்."

"அவர் எழுதினது எல்லாத்தையும் முதல்ல கேட்ட ஆள் நீங்கதானே."

அது உண்மை. முன்பெல்லாம் கிழமைக்கு ஒன்று எழுதினாய். சனமெல்லாம் பேஸ்புக்குக்குக் குடிபோன பிறகு வருடத்துக்கு ஒன்றாகக் குறைத்தாய். அந்த வருடம் போனில் புதிதாக என்ன வந்தது, நாட்டில் என்ன நடந்தது, கரண்ட் எத்தனை மணித்தியாலம் இல்லாமல் போனது, பெற்றோல் வரிசையில் யார் யாரோடு சண்டை பிடித்தார்கள் என்றெல்லாம் எழுதி முடித்துவிட்டு, கடை வாசலில் நின்று கையைக் காட்டிக் கூப்பிடுவாய். பாலில்லாத பிளேன்டி ஒன்றை ஊற்றி முன்னால் வைத்து வாசித்துக் காட்டுவாய். "உனக்கு விளங்கினா ஊருக்கே விளங்கும்" என்பாய். "எனக்கு விளங்காத இடத்துலதான் நீ படிச்ச ஆள் மாதிரி இரிக்காய், அத மட்டும் வெட்டிராத" என்பேன். அதைத்தான் முதலில் வெட்டுவாய்.

ஆகவே எழுதுகிற கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்தேன். செய்தியிலிருந்து தொடங்கினேன்.

நீ இல்லாத இந்த வருடத்தில், மச்சான், கம்பியூட்டரே படம் கீறுகிறது. மழை பிடித்து வெள்ளம் நின்ற கிழமையில், நம் பெரிய தெருவில் முதலை நீந்துகிற படம் ஒன்று வந்தது. பார்த்ததும் நாற்பது பேருக்கு அனுப்பிவிட்டேன். முதலைக்குப் பின்னால் ஒரு பள்ளிவாசல், அதற்கு ஆறு மினாரா. நம் ஊரில் எந்தப் பள்ளிக்கு ஆறு மினாரா? நீ இருந்திருந்தால் முதலையைப் பார்க்க மாட்டாய், மினாராவைத்தான் எண்ணுவாய். தேங்காயைப் பாதியாக வெட்டி விற்கிறார்கள். சம்பலை இப்போது விருந்தாளி வந்தால்தான் இடிக்கிறோம். உன் பிறந்த நாளுக்கு வாழ்த்துச் சொல்லும்படி பேஸ்புக் எனக்கு மணி அடித்துச் சொன்னது. சிலர் சொல்லியும் இருந்தார்கள். அதில் ஒருவன் உனக்கு நீண்ட ஆயுளைத் தரும்படி அல்லாஹ்விடம் கேட்டிருந்தான். நம் ஸ்டாண்டுக்காரன்தான், உன் ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தவன்.

இரண்டு பக்கம் இப்படி எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். நீ பக்கத்தில் இருந்து கேட்பதுபோல இருந்தது: "எல்லாம் சரி, முதல் பந்தி எங்க?"

உன் முதல் பந்தி எல்லா வருடமும் ஒன்றுதான். "இந்த வருடம் நான் சொன்ன பிழைகள்." கடல் பொங்குகிறதென்று எவனோ அனுப்பியதை நம்பி நீயும் அனுப்பியது, பெற்றோலுக்குக் கியூஆர் வந்தால் வரிசையே இருக்காதென்று எழுதியது, எல்லாவற்றையும் அதில் ஒப்புக்கொள்வாய். "செய்தி சொல்றவன் முதல்ல தன்ட பிழையச் சொல்லணும்" என்பாய். "அப்ப ரேடியோவுல செய்திக்கு நேரமே கிடைக்காதே மச்சான்" என்று நான் சொன்ன அன்று, பிளேன்டி உன் மூக்கால் வந்தது.

இனிச் செய்தியைக் காட்டித் தப்ப முடியாது. என் பிழையை எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு மத்தியானம். கரண்ட் இல்லை, நல்ல வெயில். கடைக் கதிரையில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு நித்திரையாகிவிட்டாய். என் வெள்ளைச் சாரனைக் கழுத்துவரை உனக்குப் போர்த்தி, ஒரு படம் எடுத்து, "இன்னாலில்லாஹி" என்று மரண அறிவித்தலாகக் கீழே போட்டு ஒலுவிலில் இருக்கிற உன் ராத்தாவுக்கு அனுப்பினேன். உம்மா இல்லாத வீட்டில் உன்னை வளர்த்தெடுத்த மூத்த சகோதரி அவ. போன் எடுத்துக் கேட்பா, ஏசுவா, பிறகு சிரிப்பா என்று நினைத்தேன். அவ கேட்கவில்லை. காலில் செருப்பில்லாமல் வந்து கடை வாசலில் இறங்கினா. நீ பணிஸ் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தாய்.

ராத்தா நிலத்தில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டா. குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னா: "இனி நீ மழை பெய்யுது எண்டாலும் நான் வெளிய கைய நீட்டிப் பாத்துத்தான் நம்புவன்."

நீ மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. வருடக் கடைசியில் அதையே எழுதிவிட்டாய். "என் நண்பன் ஒருவன் இந்த வருடம் என்னை மௌத்தாக்கினான். அவன் சார்பில் மறுப்புத் தெரிவிக்கிறேன். நான் இன்னும் இருக்கிறேன்." நீ வாசித்துக் காட்டியபோது உன்னைவிட நான்தான் கூடச் சிரித்தேன்.

இந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து மூன்றாம் கிழமை, காலை பத்து மணி. கடை வாசலில் நின்று கையைக் காட்டினாய். பிளேன்டிக்குக் கூப்பிடுகிறாய் என்று நினைத்து, ஓட்டோவில் கால் நீட்டி இருந்தபடியே "நீ இஞ்ச வா" என்று நானும் கையைக் காட்டினேன். நீ கதவைப் பிடித்தபடி மெல்லக் கீழே சரிந்தாய்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு வார்த்தைதான் சொன்னாய். "ராத்தாக்கு இப்ப சொல்லாத. பயந்திருவா." அதை எனக்குத் தப்பிக்கிற சாட்டாக வைத்துக்கொள்ள எட்டு மாதமாகப் பார்க்கிறேன். முடியவில்லை. நீ அதைச் சொல்லும்போது உனக்கு உயிர் இருந்தது.

பதினொரு மணிக்கு முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது. உன் மனைவி மயங்கிப் போனாள். நான்தான் ராத்தாவுக்குப் போனில் கோல் எடுத்தேன்.

"ராத்தா, தம்பி மௌத்தாப் போயிட்டான்."

"டேய் பகிடிக்காரா, ஒருக்கா ஏமாந்தது போதும். போடா."

வைத்துவிட்டா. திரும்ப எடுத்தேன், தூக்கவில்லை. வட்ஸ்அப்பில் வொய்ஸ் ஒன்று அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு கோடும் நீலமாகிவிட்டன. கேட்டுவிட்டா, வருவா என்று முடிவு செய்தேன். கோடு நீலமானால் திறந்து பார்த்தா என்றுதான் அர்த்தம், கேட்டிருந்தால் அந்தக் குட்டி மைக் படமும் நீலமாகும் என்று பிறகுதான் ஒருவன் சொல்லித் தந்தான். இதெல்லாம் உனக்குத் தெரியும். கேட்கத்தான் நீ இல்லை.

இவ்வளவுதான் என்றால் அதைப் பிழை என்று எழுத மாட்டேன், போனின் தலையில் கட்டிவிடுவேன். மிச்சத்தையும் கேள். மயக்கம் தெளிந்த உன் மனைவி முதலில் கேட்டது, "ராத்தாக்கு சொல்லிட்டீங்களா காக்கா?" நான், "ஓம், சொல்லிட்டன்" என்றேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு உன்னைத் தூக்கப் போகும்போது பள்ளிவாசலிலிருந்து வந்த பெரியவர் கேட்டார், "முகம் பாக்க இன்னும் வர ஆள் இரிக்கா?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அறிவிச்சாச்சு" என்றேன். கால் மணித்தியாலம் பார்த்துவிட்டுத் தூக்கினார்கள்.

பதினொரு மணியிலிருந்து தூக்கும்வரை ஐந்து மணித்தியாலம். ஒலுவிலுக்கு என் ஓட்டோவில் நாற்பது நிமிசம். ஓட்டோ உன் வாசலில்தான் நின்றது. கதிரை இறக்கினேன், தண்ணீர் அள்ளினேன், குழி வெட்ட மையவாடிக்கு மண்வெட்டி கொண்டு போனேன். எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது. உள்ளே ஒரு கோபம் இருந்தது மச்சான். உன்னைக் கையில் ஏந்திக்கொண்டு போன என்னைப் பார்த்து "போடா" என்று சொன்னாவே, கிடக்கட்டும், தானாக அறிந்து வரட்டும் என்று ஒரு கோபம்.

பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது ராத்தா வந்தா. அன்றும் செருப்பில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியுமாம். வெறும் கட்டிலைப் பார்த்துவிட்டு, தன் வாயிலேயே அடித்துக்கொண்டா. "அவன் சொன்னான், நான்தான் நம்பல்ல. நான்தான் நம்பல்ல." நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. எல்லோரும் அவவைத்தான் தேற்றினார்கள். சிலர் என்னையும் தேற்றினார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, இதுவரை எழுதிய கொப்பியை ஷொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு ஒலுவிலுக்குப் போனேன். காரைதீவு தாண்டியதும் மழை அடித்துப் பிடித்தது. ராத்தா சுளகில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தா. நீ எனக்கு வாசித்துக் காட்டியதுபோல நானும் வாசித்தேன், எழுத்துக் கூட்டிக் கூட்டி. "ஓம், சொல்லிட்டன்" என்ற இடத்தில் அவவின் கை நின்றுவிட்டது.

"நான் போடா எண்டு சொன்னதாலதான் எண்டு இவ்வளவு நாளும் ஒவ்வொரு தொழுகையிலயும் அழுதன்."

"தெரியும் ராத்தா."

"தெரிஞ்சும் சும்மா இரிந்தாய்."

"ஓம்."

சுளகை இறக்கி வைத்துவிட்டு எழுந்து போய்த் தன் போனை எடுத்து வந்தா.

"அண்டைக்கு உன்ட பேரக் கண்டு திறந்தன். மேல அந்தப் படம் இரிந்திச்சு. திரும்பவும் விளையாடுறான் எண்டு மூடிட்டன். பிறகு கேக்கவும் ஏலல்ல, அழிக்கவும் ஏலல்ல."

அழுத்தினா. என் குரல் வந்தது. "ராத்தா, நான்தான். அல்லாஹ் மேல ஆணையா விளையாட்டில்ல. தம்பி போயிட்டான். வாங்க." அவ்வளவுதான். அது என் குரல் என்று எனக்கே நம்ப முடியவில்லை. இரண்டாம் முறையும் கேட்டா.

"இதக் கேட்டிரிந்தா நம்பிரிப்பன்" என்றா.

பிறகு விரலால் மேலே தள்ளினா. அந்தப் படம். என் சாரனைப் போர்த்தி, வாய் திறந்து, நீ. அதைப் பெரிதாக்கி என் பக்கம் திருப்பினா.

"முகம் இப்பிடியா இரிந்திச்சு?"

எனக்குப் பொய் சொல்ல நன்றாக வரும். சிரித்த முகமாக இருந்தான் ராத்தா, முகம் நூராக ஒளிர்ந்தது என்று சொல்லியிருக்கலாம்.

"ஓம் ராத்தா. இதே மாதிரித்தான். வாய் மட்டும் மூடியிருந்திச்சு."

கட்டைவிரலை உன் வாயின் மேல் வைத்து மறைத்தா. அப்படியே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தா.

நான் எழும்பினேன். "இரி" என்றா. "மன்னிச்சிட்டன் எண்டு சொல்ல இப்ப வாய் வருதில்ல. மழை விடட்டும், பிளேன்டி ஊத்துறன்."

குடிக்கும்போது கேட்டேன். "இத அவன்ட பக்கத்துல போடட்டா ராத்தா? நீங்க வேணாமெண்டா வேணாம்."

"போடு. என்ட தம்பி எழுதினது மேல நிண்டு பொய் சொல்லிக்கொண்டு இரிக்கக் கூடாது."

ஆகவே மச்சான், போன வருடம் இந்தப் பக்கத்தில் வந்த மறுப்பை நான் வாபஸ் வாங்குகிறேன். நீ இல்லை. அதை முதலில் சொல்ல வேண்டிய ஆளுக்கு ஒழுங்காகச் சொல்லாதவன் நான். முதலைக்கும் சேர்த்து இந்த வருடத்துப் பிழை இரண்டு. முதலையை நாற்பது பேர் மன்னித்துவிட்டார்கள்.

உனக்குப் பிறகு நம் தெருப் பக்கம் மூன்று மௌத்து விழுந்தது. தூரத்தில் இருக்கிற சொந்தக்காரருக்கு அறிவிக்க வேண்டுமென்றால் போனை நான் தொடுவதில்லை, ஓட்டோவை எடுக்கிறேன். மருதமுனைக்குப் போனேன், சம்மாந்துறைக்கு இரண்டு தரம் போனேன். கதவைத் தட்டிவிட்டு வாசலில் நிற்பேன். என் முகத்தைக் கண்டதுமே சிலர் சிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள், இன்றைக்கு என்ன பகிடியோ என்று. அவர்கள் சிரித்து முடியும்வரை பேசாமல் நிற்கிறேன்.