கைப்பையில் வந்த அஷ்டமி

அக்கா,

இன்று காலை எழுந்ததும் முதல் காரியமாகக் கூடத்துக்குப் போய்த் தினசரி நாள்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்தேன். பல்கூடத் துலக்கவில்லை. இது உங்கள் வேலை. நீங்கள் போன பிறகு யாரும் இதை என்னிடம் ஒப்படைக்கவில்லை, நானும் கேட்டு வாங்கவில்லை. பழைய தேதியே தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து உங்கள் வீட்டுக்காரர்தான் ஒருநாள், "ஏம்மா, இதக் கிழிக்கக்கூட இந்த வீட்ல ஆளில்லையா?" என்றார். அவர் பேப்பர் படிக்கும் நாற்காலியிலிருந்து கை நீட்டினால் எட்டும் இடத்தில்தான் அது தொங்குகிறது. அன்றிலிருந்து நான் கிழிக்கிறேன்.

இன்றைய தாளில் வெள்ளிக்கிழமைக்குக் கீழே சின்ன எழுத்தில் அஷ்டமி என்று இருந்தது. அடுப்படிக்குப் போகாமல் அப்படியே நின்றுவிட்டேன். உப்புக்காற்றும் வெந்த சாதத்தின் ஆவியும் கலந்த ஒரு வாசனை எங்கிருந்தோ வந்தது. அந்தத் தீவில், நம் குடிலின் வாசனை. நான்கு வருடமாகியும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை அக்கா. உங்கள் மேலும்தான். போனவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுகிறேன்.

தொண்ணூற்றொன்றில் நான் கல்யாணமாகி பெங்களூரில் இந்த அல்சூர் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் இங்கே மூத்த மருமகள். அண்ணனுக்கு நீங்கள், தம்பிக்கு நான். முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்துவிட்டது: மாமனார் காலத்து மைசூர் சர்க்கார் உத்தியோகம் போய்விட்டாலும், நாள் பார்க்காமல் சுவரில் ஆணி அடிக்காத வழக்கம் போகவில்லை. புது ஸ்கூட்டர், பல் பிடுங்குவது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, எதுவானாலும் எல்லோரும் உங்களிடம்தான் வருவார்கள். நீங்கள் நாள்காட்டிக்குக் கீழே நின்று, மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு, தாள்களைப் புரட்டிச் சொல்வீர்கள். அந்த ஒரு நிமிடம் வீடே உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

உங்கள் பிள்ளை கார்த்தி வேலைக்குச் சேர்ந்து கொஞ்சம் நிமிர்ந்ததும் செய்த முதல் பெரிய செலவு அந்தப் பயணம். "மாலத்தீவுக்குப் போறோம்மா. எல்லாரும். அங்க நீயும் சித்தியும் சமையல்கட்டுப் பக்கமே போகக் கூடாது, அதுக்குன்னே இருக்கிற எடம்" என்று உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னான். ஸ்கூபா டைவிங் என்ற சொல்லை அன்றுதான் நம் வீட்டில் முதன்முதலாகக் கேட்டோம். முதுகில் காற்றுக் குப்பியைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் மூச்சுவிட்டபடி நடமாடலாம், நீச்சல் தெரியாதவர்களைக்கூடக் கையைப் பிடித்து அழைத்துப்போவார்கள் என்று கணினியில் படம் காட்டினான். நான் அந்தப் படத்தை விட்டு நகரவில்லை. நீங்கள் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "இவளப் பாரு, இப்பவே பாதி முங்கிட்டா."

நாம் இருவரும் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் சுடிதார் வாங்கினோம். உங்களுக்கு அது வாழ்நாளில் முதல் சுடிதார். கடைக் கண்ணாடி முன் துப்பட்டாவை முந்தானை மாதிரி இழுத்து இழுத்து விட்டுக்கொண்டீர்கள். அதோடு நிற்கவில்லை. துண்டுகளுக்கு நடுவே சாதம் வடிக்கும் கரண்ட் குக்கர் பெட்டிக்குள் போயிற்று. புளிக்காய்ச்சல், ரசப்பொடி, எலுமிச்சை ஊறுகாய். கிளம்பும் அன்று காலையில், போகிற நாட்களுக்கான தாள்களை நாள்காட்டியிலிருந்து முன்கூட்டியே கிழித்து, மடித்து, உங்கள் கைப்பையில் வைத்துக்கொண்டீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

திருவனந்தபுரத்தில் விமானம் மாறி, பிறகு படகில் போய், மத்தியானம் தீவில் இறங்கினோம். எல்லோருடைய மணிக்கட்டிலும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டையை மாட்டினார்கள். அதைக் காட்டினால் போதும். காலைக் காபி முதல் ராத்திரி ஐஸ்கிரீம் வரை, டைவிங்கும் சேர்த்து, எல்லாம் ஏற்கெனவே கட்டிய பணத்தில் அடக்கம். உங்கள் வீட்டுக்காரர் சாப்பாட்டு மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து சொன்னார்: "இத்தன தினுசு மீன் இருக்கு, ஒரு ரசம் இல்லையே!"

அந்த ஒரு வார்த்தைக்காக நாம் குடிலுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தோம். அதே நேரத்தில் கரையோரத்தில், இடுப்பளவு தண்ணீரில், டைவிங்கின் முதல் பாடம் தொடங்கிற்று. கார்த்தி ஜன்னலில் வந்து, "சித்தி, வாங்க, இப்பத்தான் ஆரம்பம்" என்று கூப்பிட்டான். "இதோ, சாதம் வெந்துடட்டும்டா" என்றீர்கள். குக்கரில் சாதம் பாதி வெந்ததும் குடிலில் கரண்ட் போயிற்று. சரிபார்க்க ஆள் வருவதற்குள் சுடச்சுடக் குக்கரைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடி, அதன் மேல் துண்டைப் போட்டு மறைத்தீர்கள். அவன் போனதும் இரண்டு பேரும் கட்டிலில் விழுந்து சிரித்தோம். சிரித்து முடிக்கையில் பாடமும் முடிந்திருந்தது. உங்கள் வீட்டுக்காரர், என் வீட்டுக்காரர், கார்த்தி, என் மகள் நித்யா, நால்வரும் ஈரத்தோடு வந்து ரசம் கேட்டார்கள்.

மறுநாள் காலை நான் சுடிதாரில் தயாராக வந்து உட்கார்ந்தேன். நீங்கள் கைப்பையைத் திறந்து தாளை எடுத்தீர்கள்.

"அஷ்டமிடி."

"அக்கா, இது நம்ம ஊரே இல்ல. இங்க ஏது அஷ்டமி?"

"நிலா ஒண்ணுதானே எல்லா ஊருக்கும்? புதுசா எதுவும் இன்னிக்குத் தொடங்க வேணாம். அதுவும் தண்ணில."

என் வீட்டுக்காரர் கையில் ரொட்டியோடு திகைத்தார். "அண்ணி, அப்ப நாங்க?"

"நீங்கல்லாம் நேத்தே தொடங்கிட்டீங்களே. தொடங்கின காரியத்துக்கு அஷ்டமி இல்ல."

அதுதான் சட்டம். நால்வரும் படகேறிப் போனார்கள். அடுத்த நாள் நவமி. அன்றும் அதே சட்டம். நாம் கரையில் மணிக்கட்டுப் பட்டையோடு உட்கார்ந்து துண்டுகளையும் மூக்குக்கண்ணாடிகளையும் கைக்கடிகாரங்களையும் காவல் காத்தோம். அவர்கள் திரும்பி வந்து ஒருவரை ஒருவர் பேசவிடாமல் பேசினார்கள். "அம்மா, ஆமை! என் கைக்குப் பக்கத்துல!" என்று நித்யா கையால் நீந்திக் காட்டினாள். உங்கள் வீட்டுக்காரர், ரயில் பிளாட்பாரத்தில் இறங்கவே யார் தோளையாவது பிடிக்கிற மனிதர், "ஒண்ணுமே கஷ்டமில்லம்மா, சும்மா மூச்சு விட்டாப் போதும்" என்று எனக்கு விளக்கினார். நான் அவருக்குத் துண்டைக் கொடுத்தேன்.

தசமி அன்று நாம் குளித்து, விளக்கேற்ற வழியில்லாததால் கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, எல்லோருக்கும் முன்னால் கரையில் நின்றோம். சொல்லிக்கொடுத்த பெண் திருகோணமலைக்காரி. நம் தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்து, உடுப்பு அளவு பார்த்துக்கொண்டே கேட்டாள்: "எப்ப அக்கா திரும்பிப் போறீங்கள்?"

"நாளைக்குக் காலையில."

அவள் கை நின்றுவிட்டது. "அப்ப இண்டைக்கு இறங்க ஏலாது. கடலுக்கடியில போனால் ஒரு நாள் முழுக்க விமானம் ஏறக் கூடாது. உடம்புக்குள்ள காத்து நிக்கும், ஆபத்து. முதல் நாளே எல்லாருக்கும் சொன்னனானே?"

எல்லாருக்கும் சொல்லியிருக்கிறாள். நாம் குக்கரை ஒளித்துவைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில். கார்த்தி தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயோ, சொல்ல மறந்துட்டேன் சித்தி." பதினோரு வயது நித்யாவுக்கும் தெரிந்திருந்தது. நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் என்ன சொன்னார் தெரியுமா? நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். "எனக்கும் தெரியும். ஆனா நீ நெஜமாவே போவேன்னு நான் நினைக்கலயே."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் இன்றுவரை ஆறவில்லை.

நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். நீங்களும் என்னோடு சேர்ந்துகொண்டிருந்தால் அன்று ஒரு பிடி பிடித்திருப்பேன். நீங்களோ கன்னடத்தில், "ஆய்த்து பிடு" என்றீர்கள். "முடிஞ்சது முடிஞ்சதுடி. அடுத்த தடவ பாத்துக்கலாம்." பிறகு நித்யாவின் டைவிங் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, மூக்குவரை இழுத்து மாட்டிக்கொண்டு, முழங்கால் ஆழத்தில் குனிந்து முகத்தைத் தண்ணீரில் வைத்தீர்கள். துப்பட்டா மிதந்தது. எழுந்தபோது மூச்சு வாங்கிற்று.

"அடியே, இங்க ஒரு தெருவே இருக்குடி! எல்லாம் எங்கயோ ஆபீசுக்குப் போற மாதிரி போவுது. ஒண்ணும் நம்மளத் திரும்பிக்கூடப் பாக்கல."

மறுபடி குனிந்தீர்கள். மத்தியானம்வரை மூச்சு வாங்க மட்டுமே நிமிர்ந்தீர்கள். சாப்பாட்டுக்கு உங்கள் வீட்டுக்காரர் கூப்பிட்டபோது, தண்ணீருக்குள்ளிருந்தே கையை மட்டும் தூக்கி, வர மாட்டேன் என்று ஆட்டினீர்கள். இந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் வரமாட்டேன் என்று சொல்லி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஊருக்குத் திரும்பியும் வெகுநாள் உங்கள் கழுத்துக்குப் பின்னால் வெயில் சுட்ட கறுப்பு போகவில்லை. கல்யாண வீட்டில் யாரோ கேட்டதற்கு, "மாலத்தீவு வெயில்" என்று பெருமையாகச் சொன்னீர்கள். நானோ அதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முழங்கால் தண்ணீரில் உங்களுக்குக் கிடைத்துவிட்டது. எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த தடவை வரவில்லை. உங்கள் வயிற்றில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் உங்கள் தலையை வாரிவிட்டுக்கொண்டிருந்த ஒரு பகலில், மனதில் வைத்திருந்ததைக் கேட்டேவிட்டேன். "அக்கா, அன்னிக்கு உங்களுக்கு பயமா? இல்ல, நெஜமாவே அஷ்டமிய நம்பினீங்களா?"

 சீப்பில் வந்த முடியைச் சுருட்டிக் கொடுத்தேன், விரலில் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "பயமும் இல்ல, நம்பிக்கையும் இல்லடி. அந்த வீட்ல நாள் பாக்கறதுக்குத்தான் என்னக் கேப்பாங்க. வேற எதுக்கு என்னக் கேட்டாங்க? நான் அஷ்டமின்னா எல்லாரும் நிப்பாங்க. அங்க போயும் நிப்பாங்களான்னு பாத்தேன். நிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சதும் நானே ஒரு சட்டம் சொல்லி அனுப்பிட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "நீ ஒருத்திதான் நின்ன" என்றீர்கள்.

இதற்கு நான் என்ன செய்வது, சொல்லுங்கள். அழுவதா, உங்களை உலுக்குவதா? சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அதற்கு மேல் நாம் அதைப் பேசவில்லை. இப்போது பேசுகிறேன், கேட்க ஆளில்லை. உங்கள் பேச்சை மதித்த ஒருத்தியைத்தான் நீங்கள் கரையில் உட்காரவைத்தீர்கள். மதிக்காதவர்கள் ஆமையைப் பார்த்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கார்த்தி சர்ஜாபூர் ரோடு வீட்டிலிருந்து மனைவியோடும் குழந்தையோடும் வந்திருந்தான். அம்மா நினைவாக அதே தீவுக்கு, அதே குடிலுக்கு, எல்லோரும் மறுபடி போக வேண்டும் என்றான்.  உங்கள் வீட்டுக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நீ நாள் பாத்துச் சொல்லும்மா. அந்தக் குக்கர் இருக்கில்ல? அதையும் எடுத்துக்கோ." கார்த்தியின் மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டாள், "சித்தி, நாங்க தண்ணிக்குள்ள போறப்ப பாப்பாவ நீங்க வச்சுக்குவீங்கதானே?" இவர் எனக்கு முன்னால் பதில் சொன்னார்: "அதெல்லாம் அவ பாத்துக்குவா."

 காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். உங்கள் இடம் எனக்கு எவ்வளவு சுலபமாக வந்து சேர்ந்துவிட்டது, பார்த்தீர்களா? நாள்காட்டி, குக்கர், கரை. என்றைக்குக் கிளம்பலாம் என்று நான் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். அதற்கு மட்டும்.

இப்போது நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஏரிக்கரைப் பக்கம் நீச்சல் குளத்தில் வெள்ளிக்கிழமைகளில் பெண்களுக்கென்று தனி நேரம் வைத்திருக்கிறார்கள். ஆபீசுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டேன். குளத்து உடுப்பு, தலைக்கு ரப்பர் தொப்பி எல்லாம் பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருக்கின்றன. பெண்களின் நேரம் சரியாக இன்றைய ராகு காலத்தில் விழுகிறது. தாளில் பார்த்தேன். சிரிப்பு வந்தது.

குழந்தையை அதன் அப்பாவும் தாத்தாவும் முறைபோட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். குக்கர் பரணிலேயே இருக்கட்டும். தீவில் இறங்கியதும் முதல் பாடத்துக்கு நான்தான் முதலில் நிற்பேன். அன்று என்ன திதியாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. நீங்கள் போட்ட சட்டம்தான், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொடங்கின காரியத்துக்கு அஷ்டமி இல்லை.

அதனால்தான் இன்றைக்கே தொடங்குகிறேன். நாளைக் காலையில் கிழிக்க வேண்டிய இன்றைய தாளை இப்போதே கிழித்து, மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டேன்.