பதினேழு தேசிக்காய்

என் வசந்திக் குட்டிக்கு,

இல்லை, மன்னிக்கவில்லை. இன்னுமா மன்னிக்கவில்லை என்றுதான் அம்மாவும் கேட்கிறாள். எட்டு வருஷமாயிற்றே, அந்தக் கணக்கு டீச்சரும் தளர்ந்துவிட்டாரே என்கிறாள். தளரட்டும்.

அப்போது உனக்குப் பதினாறு வயது. சாதாரண தரப் பொதுப் பரீட்சை எழுதும் வகுப்பு. உன் அக்கா நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மனித மனத்தைப் பற்றிப் புத்தகம் புத்தகமாகப் படித்துக்கொண்டிருந்தேன். நீ மாத்தளையில் தூங்காமல் கிடந்தாய். கரும்பலகையில் எழுத்து நிற்கமாட்டேன் என்கிறது என்று சொன்னாய். சொன்ன உன்னைக் கணக்கு டீச்சர் பெஞ்சில் ஏற்றி நிறுத்தினாள்.

"பரீட்சைன்னா இவளுக்கு மட்டும் தலை சுத்தும். நாளைக்கு ஆளுக்கொரு தேசிக்காய் கொண்டாங்கடி. தலையில எலுமிச்சைச் சாறு தேய்ச்சா பைத்தியம் தெளியும்."

சிரிப்புக்குச் சொன்னது. பிள்ளைகள் கொண்டே வந்துவிட்டார்கள். பல்லேபொல ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், தோட்டத்தில் தேசி காய்க்கவில்லை என்று ஒரு பெரிய நாரத்தங்காயைத் தூக்கி வந்தாளாமே.

எல்லாவற்றையும் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தாய்.

"ஏதுடி இவ்வளவு?"

"கிளாஸ்ல குடுத்தாங்கம்மா."

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். உப்புப் போட்டு ஜாடியில் அடைத்தாள்.

லீவுக்கு வந்த நான் அந்த ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன். "பதினேழு அக்கா, எண்ணிப் பார்த்தேன்" என்று சிரித்தபடி நீ முழுவதையும் சொன்னாய். நானும் சிரித்தேன். "பரீட்சை முடிஞ்சா எல்லாம் சரியாயிரும்டி" என்றேன். படித்தவள் செய்த வைத்தியம். டாக்டரிடம் காட்ட அன்றைக்கே உன்னைக் கண்டி பஸ்ஸில் ஏன் ஏற்றவில்லை?

பரீட்சைக்கு முந்திய வாரம் நீயாகவே போய்விட்டாய்.

தேசிக்காய்தான் உன்னைக் கொன்றது என்று சொல்லமாட்டேன். உனக்கு நோய் இருந்தது. காய்ச்சலைப் போல, கால் முறிவைப் போல ஒரு நோய். கால் முறிந்த பிள்ளையை யாரும் பெஞ்சில் ஏற்றுவதில்லை. பிறகு நான் போய்க் கேட்டபோது கண்டி டாக்டர் சொன்னார்: "இதுக்கு வைத்தியம் இருக்கும்மா. யாராவது கூட்டிட்டு வந்திருக்கணும்." யாராவது. அதில் நானும் உண்டு.

இப்போதைய செய்தி கேள். அம்மா விடியற்காலையில் ரொட்டிக்கடை வாசலில் பாண் கியூவில் நிற்கிறாள். நான் உன் பள்ளியிலேயே டீச்சர். ஊறுகாய் ஜாடியை அம்மா எறியவில்லை, நீ போன பிறகு திறக்கவுமில்லை. காய்கள் கறுத்துவிட்டன.

போன வாரம் கணக்கு டீச்சருக்குப் பிரியாவிடை விருந்து. அரிசித் தட்டுப்பாடு, அதனால் மரவள்ளிக்கிழங்கு. நான் ஜாடியோடு போனேன். என் கையாலேயே அவளுக்குப் பரிமாறினேன்.

"அடடா, நல்லா ஊறியிருக்கே! யாரு போட்டது?"

"எங்கம்மா. காய் நீங்க கொண்டுவரச் சொன்னதுதான் டீச்சர். வசந்தி தலைக்கு."

அவள் கை நின்றது.

"எந்த வசந்தி?"

நடிக்கவில்லை, குட்டி. அவளுக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை. எட்டு வருஷமாக அவள் வெட்கப்படும் முகத்தை நினைத்து நினைத்து வைத்திருந்தேன். மறந்திருப்பாள் என்று நினைத்ததே இல்லை.

அதனால் எழுந்து நின்று சொன்னேன். பெஞ்சு, தேசிக்காய், நாரத்தங்காய், நான் சிரித்தது, எல்லாம். "போதும், உக்காருங்க டீச்சர்" என்று பக்கத்திலிருந்தவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை. கணக்கு டீச்சர் அழுதாள். எனக்கு நன்றாக இருந்தது. உன்னிடம் ஏன் பொய் சொல்ல?

ஜாடி இனி ஆசிரியர் அறை மேசையில்தான் இருக்கும். புதிதாக வருகிற ஒவ்வொரு டீச்சரும் அது என்ன என்று கேட்பாள். நான் சொல்வேன். எந்த வசந்தி என்று அங்கே இனி யாரும் கேட்கக் கூடாது. கேட்கவிடமாட்டேன்.

உன்னோடு சேர்ந்து சிரித்த,
உன் அக்கா

பின்குறிப்பு: இதை எழுதி முடித்ததும் பள்ளிக்கு லீவு சொன்னேன். என் வகுப்பில் ஒரு மாதமாகத் தூங்காமல் வருகிற பிள்ளையையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கண்டி பஸ்ஸில் ஏறினேன்.