பந்தல் இல்லாத திராட்சை

மார்ச் 3, திங்கள்

பழச்சாற்று ஆய்வுகூடத்தை விட்டு இந்த வைன் இறக்குமதிக் கொம்பனிக்கு வந்து மூன்று மாதம். இன்று கிரேக்கத்தின் சந்தோரினித் தீவிலிருந்து வந்த வெள்ளை வைனைச் சோதித்தேன். மழை அபூர்வம், வெயில் கொளுத்தும் இடம். வெயில் ஏறினால் பழத்தில் புளிப்புக் குறையும்; அங்கே விளைந்ததற்கு இவ்வளவு புளிப்பா? எங்கோ குளிர்ப் பக்கத்து வைனை வாங்கி, லேபலை மாற்றி அனுப்புகிறாள் அந்தத் தோட்டக்காரி எலெனி. வேறென்ன?

வீட்டில் சொன்னால் இவருக்குச் சிரிப்பு. "நீர் இங்க எங்கட கேரம் டவுன்ஸ் கோயில் சுண்டலையே மணந்து பாத்துத்தானே வாயில வைப்பீர்!" பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

மார்ச் 5

தோட்டத்துப் படம் கேட்டேன். அனுப்பினாள், வசமாக மாட்டினாள். பந்தல் இல்லை, கம்பி இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை. சாம்பல் நிற மண்ணில் சுருண்டு கிடக்கும் காய்ந்த கொடிகள். யாழ்ப்பாணத்தில் அப்பாவின் திராட்சைப் பந்தலுக்குக் கீழே வளர்ந்தவள் நான். எனக்கா காது குத்துகிறாள்?

"கைவிடப்பட்ட நிலம்" என்று அறிக்கை எழுதினேன். முதலாளி கொஸ்தாஸ் முழுக் கொண்டெய்னரையும் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார். அது எலெனியின் ஒரு வருட விளைச்சல்.

மார்ச் 6

நித்திரை சரியில்லை. சரியாகத்தான் செய்தேன். சரியாகத்தானே?

மார்ச் 11

எலெனி போன ஓகஸ்ட் அறுவடை வீடியோவை அனுப்பியிருக்கிறாள். காற்று பிய்த்தெறியாமல் இருக்கக் கொடியை நிலத்தோடு வளைத்துக் கூடையாகப் பின்னுவார்களாம், தலைமுறை தலைமுறையாக. குலைகள் கூடைக்குள்ளே! எரிமலை மண் கடல் மூடுபனியின் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. அந்தத் தீவுத் திராட்சை எந்த வெயிலிலும் புளிப்பை விடாதாம்.

அங்கே இப்போது குளிர்காலம்; நான் பார்த்தது இலை உதிர்ந்து கிடந்த கொடி. ஐயோ, என்ன வேலை பாத்திட்டன்! ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் — அப்பான்ர பந்தலைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

மார்ச் 12

பிழை என்னுடையது என்று கொஸ்தாஸிடம் சொன்னேன். முகம் பார்க்காமலே, மறுபடி சோதித்துப் பார்க்கச் சொன்னார். கொண்டெய்னர் இன்னும் துறைமுகத்தில்தான் நிற்கிறது, நல்ல காலம். எலெனி வைத்தது ஒரே ஒரு நிபந்தனை: மறுசோதனையை அவள் வீடியோவில் பார்க்க வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

வீடியோவில் எலெனி. வணக்கம் சொன்னேன்; போத்தல்களை எண்ணச் சொன்னாள். பன்னிரண்டு போத்தல்கள். ஒவ்வொன்றுக்கும், "முத்திரையைக் கிட்டக் காட்டுங்கள்" என்றாள். காட்டினேன். கடைசிப் போத்தலைத் திறக்கும் முன்,

"இப்போது உங்கள் கைகளைக் காட்டுங்கள், ஒன்றும் ஒளித்து வைக்கவில்லையே" என்றாள்.

இரண்டையும் விரித்துக் காட்டினேன்.