சாமி மாலையைத் தொடாத அண்ணிக்கு

என் சரோஜா அண்ணிக்கு, சத்தம் போட்டு எழுதினாலாவது உங்க காதுல விழும்னு நம்பி எழுதறேன்.

கடை நடக்குது. பிரிக்ஃபீல்ட்ஸ்ல இப்பவும் நம்ம ஆளுங்க காரை ரோட்டை அடைச்சு நிறுத்திட்டு, "அக்கா, சீக்கிரம் லா"ன்னு மல்லிகைச் சரத்துக்குக் கை நீட்டறாங்க. உங்க ஸ்டூல்ல நான்தான் உக்கார்றேன். உங்க முதல் வருஷத் தெவசம் போன வாரம் முடிஞ்சுது. அன்னிக்கு என் வீட்டுல நடந்ததை உங்ககிட்ட சொல்லாம எனக்குச் சோறு இறங்கல. இதைப் பத்திரிகைக்கும் அனுப்பப் போறேன். உங்க மகள் ஷாமினி சரின்னு சொல்லிட்டா. நம்ம பொம்பளைங்க படிக்கட்டும்.

ஆனா அதுக்கு முன்னாடி உங்கமேல இருக்கற கோபத்தைக் கொட்டிடறேன். கேட்டுக்குங்க.

திடீர்னு ஒரு நாள் நீங்க சாமி மாலை கட்டறதை நிறுத்திட்டீங்க. கோயில் ஆர்டர் வந்தா என் பக்கம் தள்ளி விட்டீங்க. கல்யாண மாலையையும் தொடல. சாவு வீட்டு மாலைன்னா மட்டும், "குடு, நான் கட்டறேன்"னு வாங்கிக்கிட்டீங்க. ஏன்னு கேட்டா, "சாமி மாலையை நெருக்கிக் கட்டணும், விரல் வலிக்குது"ன்னீங்க. அம்மனுக்கு உங்க கையால மாலை போன கடை அது. மாசக்கணக்கா நீங்க செத்தவங்களுக்கு மட்டும் பூக் கட்டிக்கிட்டு இருந்தீங்க.

விரல்ல ஒரு வலியும் இல்ல. மாதவிலக்கு நின்னு பல வருஷம் கழிச்சு உங்களுக்கு மறுபடியும் ரத்தம் போக ஆரம்பிச்சிருக்கு. தூரமா இருக்கறப்ப சாமிப் பூவைத் தொடக்கூடாதுங்கறது நம்ம கடைச் சட்டம். அந்தச் சட்டத்தை மட்டும் கெட்டியா பிடிச்சுக்கிட்டீங்க. கம்போங் மேடான் ஃபிளாட்டுல தனியா இருந்துக்கிட்டு, விளக்கேத்தாம, கோயிலுக்குப் போகாம, தனிப் பாய்ல படுத்து எல்லாத்தையும் ஒழுங்கா செஞ்சீங்க. டாக்டர்கிட்ட போறதை மட்டும் செய்யல. மாலையில தீட்டுப் படாம பாத்துக்கிட்டீங்களே, உடம்பை யாரு அண்ணி பாத்துக்கறது?

ஹாஸ்பிட்டல்ல நான் கேட்டது ஞாபகம் இருக்கா? "நின்னு போனது திரும்பி வந்தா என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?"ன்னேன். நீங்க சுவத்தைப் பாத்துக்கிட்டே சொன்னீங்க, "உங்கண்ணன் போயி இத்தனை வருஷமாச்சு. இந்த வயசுல இப்படின்னு சொன்னா, இவ யாருகூட இருந்தாளோன்னு நினைக்க மாட்டாங்களா?" அழறதா, உங்களைப் பிடிச்சு உலுக்கறதான்னு எனக்குத் தெரியல. வெளியே போயி தண்ணி குடிச்சுட்டு வந்தேன்.

சக்கரை மாத்திரை வாங்கற கிளினிக்குல அந்த நர்ஸ் மிஸ்ஸி உங்களை எத்தனை தடவை கூப்பிட்டிருக்காங்க! "ஆன்டி, பாப் ஸ்மியர் எடுத்துக்கங்க, கர்ப்பப்பை டெஸ்ட்தான், சீக்கிரம் முடிஞ்சிடும்"னு. "நான் புருஷன் இல்லாதவ, எனக்கெதுக்கு அதெல்லாம்?"னு சிரிச்சுட்டு வந்துட்டீங்களாம். அண்ணன்கூட வாழ்ந்த காலத்துல ஒட்டிக்கிட்ட, இந்த நோயைக் கொண்டுவர்ற கிருமி, அண்ணன் போனதும் பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிடுமா? ஒண்ணும் காட்டிக்காம வருஷக்கணக்கா உள்ளேயே கிடக்கும்னு பிறகு அந்த மிஸ்ஸிதான் எனக்குச் சொன்னாங்க. உங்களுக்குச் சொல்ல நீங்க எங்கே அவங்களுக்கு இடம் கொடுத்தீங்க?

உங்க கருமக்கிரியைக்கு வந்தவங்க எல்லாம் என்ன நோவுன்னு கேட்டாங்க. "வயித்துல கட்டி"ன்னு பெரியவங்க பூசி மெழுகிட்டு இருந்தாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்! இருக்கற பொம்பளைங்க எல்லாம் ஒழுங்கா போயி டெஸ்ட் பண்ணுங்க"ன்னு பந்தி நடுவுல நின்னு கத்திட்டேன். ஒரு மாமா அப்பளத்தைக் கையில பிடிச்சபடி என்னையே பாத்தாரு. வாய்க்கொழுப்பு பிடிச்சவன்னு பேரு வந்துச்சு. வந்துட்டுப் போகட்டும்.

உங்க பேத்தி தர்ஷினி பதிமூணு வயசாகி ஃபோம் ஒன் போயிட்டா. இந்த நோய் வராம இருக்க ஸ்கூல்லயே ஊசி போட்டாங்க. ஷாமினியோட மாமியார், "சின்னப் பொண்ணுக்கு இந்த ஊசி எதுக்கு? நாளைக்கு நாலு பேரு தப்பா பேசுவாங்க"ன்னு ஆரம்பிச்சாங்க. "அந்த நாலு பேரு எங்க அண்ணிக்கு ஒரு நாள் கஞ்சி கொண்டுவந்தாங்களா?"ன்னு கேட்டேன். தர்ஷினி ஊசியைப் போட்டுக்கிட்டு, "இவ்ளோதானா?"ன்னாளாம். அவளைப் பத்தின கவலை கொஞ்சம் குறைஞ்சுது. இப்போ என் கவலை எல்லாம் அவ அம்மாவைப் பத்தித்தான்.

ஷாமினியை நான்தான் விரட்டி விரட்டி கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். இப்பெல்லாம் யாரு முன்னாடியும் படுக்கணும்னுகூட இல்ல அண்ணி. காது குடையற பஞ்சுக் குச்சி மாதிரி, கொஞ்சம் நீளமா ஒண்ணு கொடுக்கறாங்க. கதவைச் சாத்திக்கிட்டு நாமளே உள்ளேயிருந்து சாம்பிள் எடுத்துக் கொடுத்துடலாம். அதைக் கையில வாங்கினப்ப உங்க ஞாபகம்தான் வந்துச்சு. நானும் எடுத்துக் கொடுத்தேன், எனக்கு ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சு. ஷாமினிக்குக் கிருமி இருக்குன்னு போன் பண்ணிச் சொன்னாங்க. அதுக்காகப் புற்றுநோய்னு அர்த்தம் இல்ல, பெரிய ஹாஸ்பிட்டல்ல டாக்டர் பாத்தாதான் தெரியும்னு தேதி கொடுத்தாங்க.

அந்தத் தேதிக்கு அவ போகல.

கொமுட்டர் ரயில் பிடிச்சு அவ இருக்கற கிள்ளானுக்கு ஓடினேன். "வேலை அத்தை, லீவு கிடைக்கல"ன்னா. நான் நகர்ற மாதிரி இல்லைன்னு தெரிஞ்சதும் உண்மையைச் சொன்னா. "இது எப்படி வர்ற கிருமின்னு அவருக்குத் தெரிஞ்சா, என்னைத்தானே அத்தை ஒரு மாதிரி பாப்பாரு?" நீங்க ஊருக்குப் பயந்தீங்க, உங்க மகள் புருஷனுக்குப் பயப்படறா. எப்போ வந்துச்சு, யாருகிட்டயிருந்து வந்துச்சுன்னு டாக்டராலயே சொல்ல முடியாதுடி, அவருகிட்டயிருந்தே வந்திருக்கலாம்னு சொன்னேன். காதுல ஏறல. டீ போட்டுக் கொடுத்து என்னை அனுப்பி வச்சுட்டா.

தெவசத்தன்னிக்கு உங்களுக்குப் பிடிச்ச கருவாட்டுக் குழம்பு வச்சேன். உப்பு கூடிப்போச்சு, மன்னிச்சுக்குங்க. ஷாமினி குடும்பத்தோட வந்தா, ஆனா கார் நிறுத்தற இடத்துலயே நின்னுட்டா. "நான் உள்ளே வரல அத்தை, தூரம். நீங்களே விளக்கேத்திடுங்க"ன்னா. கையில கரண்டியோட அப்படியே நின்னுட்டேன். ஏன்னா தெவசத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை கோயில் வாசல்லயும் இதையேதான் சொன்னா. அதுக்கு முன்னாடி அவ நாத்தனார் வளைகாப்புலயும் இதையேதான் சொல்லி ஒதுங்கி நின்னா. கரண்டியை வச்சுட்டு அவகிட்ட போனேன்.

"எத்தனை நாளாடி இப்படி?"ன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "விட்டு விட்டு வருது அத்தை. எனக்குத் தெரிய வேணாம். அம்மா பட்டதை நான் பாத்தேன்ல? தெரியாமலே இருந்துட்டுப் போறேன்." சொல்லிட்டு அங்கேயே, செருப்புங்க நடுவுல உக்காந்து அழுதா. உள்ளே உங்க படத்துக்கு முன்னாடி இலை போட்டுக்கிட்டு இருந்தாங்க.

அழுது ஓயட்டும்னு விட்டேன். பிறகு கையைப் பிடிச்சு எழுப்பி, "வா, உங்கம்மாவுக்கு நீதான் விளக்கேத்தணும்"னேன். "ஐயோ வேணாம் அத்தை! அம்மா இதெல்லாம் ரொம்ப பாப்பாங்க, கோவிச்சுக்குவாங்க"ன்னு கையை இழுத்துக்கிட்டா. "கோவம்னா என்கிட்ட வந்து சண்டை போடட்டும். இது தீட்டு இல்லடி, டாக்டர் பாக்க வேண்டிய ரத்தம்"னு எல்லாருக்கும் கேக்கற மாதிரிதான் சொன்னேன். ஹால்ல இருந்த அவ மாமியார் எழுந்து சமையல்கட்டுக்குப் போயிட்டாங்க. உங்க மகள் உள்ளே வந்து விளக்கை ஏத்தினா. உங்களுக்குக் கோபம் வந்துச்சா அண்ணி? வந்திருந்தா வந்து சண்டை போட்டிருக்கலாமே. என்கூடச் சண்டை போட இப்போ யாரு இருக்கா?

மாப்பிள்ளை கடைசி வரைக்கும் தரையையே பாத்துக்கிட்டு இருந்தாரு. கிளம்பறப்ப மட்டும் என் பக்கத்துல வந்து, "எந்த ஹாஸ்பிட்டல் அத்தை?"ன்னாரு. சொன்னேன். தலையாட்டிட்டுப் போயிட்டாரு. அவர் மனசுல என்ன ஓடுதுன்னு எனக்கு இன்னும் பிடிபடல.

மறுநாளே போன் மேல போன் போட்டு வேற தேதி வாங்கிட்டோம். நாளைக்குக் காலையில போறோம். வெள்ளிக்கிழமையும் அதுவுமா கடையைச் சாத்தறீங்களான்னு பக்கத்துக் கடை பாஸ் கேட்டாரு. ஆமா, சாத்தறேன்னேன். ஷாமினிக்கு வாய் ஓயாம தைரியம் சொல்லிக்கிட்டு இருக்கேன். உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, எனக்கு ரொம்ப பயமா இருக்கு அண்ணி. ஏற்கனவே லேட்டாயிடுச்சோ? தவறவிட்ட அந்தத் தேதிக்கே தூக்கிட்டுப் போயிருந்தா?

டாக்டர் என்ன சொன்னாலும் அவ கையை விட மாட்டேன். ஆபரேஷன்னாலும் ஊசின்னாலும் வாரா வாரம் நான் கூட்டிட்டுப் போறேன். அவ மாட்டேன்னு கதவைச் சாத்திக்கிட்டா வாசல்லயே உக்காந்திருப்பேன், என் குணம் உங்களுக்குத் தெரியும். ஒண்ணே ஒண்ணு உங்ககிட்ட கேக்கறேன். அங்கே அண்ணன் பக்கத்துல இருந்தாலும், பெத்த மகளைப் பாக்கணும்னு மனசு அடிச்சுக்கும். அடிச்சுக்கட்டும். அவளை இப்போ கூப்பிடாதீங்க அண்ணி. தலை நரைச்சு, பல்லு போயி, கிழவியாகி அவளே நடந்து வருவா. அது வரைக்கும் உங்ககிட்ட விட மாட்டேன்.

உங்க மகளுக்கு அத்தை, உங்களுக்கு என்னிக்கும் அடங்காத நாத்தனார்,
ராணி