ஒரு மணி நேர அமைதி

நாள் 211. 07:30. செவ்வாய்க் கோள், இரண்டாம் தளம்.
அழுத்தம் சீர். நீர் இருப்பு 64 விழுக்காடு. இக்குறிப்பைக் கண்டெடுப்பவர் அறிக: இங்கே இருவர் பணியாற்றுகிறோம். தளப் பொறுப்பாளர் நல்லபெருமாள், வயது ஐம்பது, நான். துளைப்பொறியாளர் பேச்சியம்மாள் ஊர்தியில் வெளியே சென்றுள்ளார். இன்பதுன்பங்களில் கலங்காதிருக்கக் கற்பிக்கும் ஸ்டோயிக் தத்துவத்தை அன்றாட ஒழுங்காகக் கடைப்பிடிப்பவன் நான். மனம் கலங்கினால் ஒரு மணி நேரம் அசையாது அமர்ந்த பின்னரே எச்செயலும் செய்வேன். பதினோரு ஆண்டுகளாக மீறியதில்லை. பேச்சியம்மாளுக்கு இது வேடிக்கை. இன்று காலையும் வானொலியில் கேட்டார்: "அண்ணாச்சி, அடுப்புல பால் பொங்குனாலும் அப்படித்தான் ஒக்காந்திருப்பியளோ?"

நாள் 211. 10:05.
பதினோரு கிலோமீட்டருக்கு அப்பால் அவருடைய ஊர்தி பழுதாகிக் காற்று முழுவதும் வெளியேறிவிட்டது. அவரது விண்ணுடையில் மூன்று மணி நாற்பது நிமிடங்களுக்கு ஆக்சிஜன் உள்ளது. வேறு ஊர்தி இல்லை. நடந்தால் மூன்று மணி நேரம். எதிரே நடந்து வரவா என்று கேட்டார். நடந்தால் காற்று விரைந்து தீரும். கையேட்டின்படி அங்கேயே அமர்ந்திருக்கச் சொன்னேன். உதிரி ஆக்சிஜன் உருளைகளுடன் 10:10க்குப் புறப்படுகிறேன்.

நாள் 211. 14:40. ஊர்தி அருகில்.
14:10க்கு வந்து சேர்ந்தேன். இருக்கையில் அமர்ந்திருந்தார். உருளையை மாற்றினேன். உடையின் திரையில் நாடித்துடிப்பு இல்லை. மீண்டும் பார்த்தேன். இல்லை.

நாள் 211. 18:15. தளம்.
தலைமையகச் செய்தி: "பதற்றமின்றிச் செயல்பட்டீர்கள். பாராட்டுகள். தாமதத்தின் காரணத்தைப் பதிவு செய்க." பாதையிலிருந்த மேடு என்று எழுதினேன். அழித்தேன்.

நாள் 212. 09:00. திருத்தம்.
10:10 என்ற பதிவு பொய். 11:10க்கே புறப்பட்டேன். மனம் கலங்கியது, ஆகவே வழக்கப்படி ஒரு மணி நேரம் அமர்ந்தேன். 10:40க்கு அவர் அழைத்தார்: "அண்ணாச்சி, கெளம்பிட்டியளா?" நாற்காலியில் இருந்தபடியே, "வந்துகொண்டிருக்கிறேன்" என்றேன். அவர் கலங்கக் கூடாது என்பதற்காகவே அவ்வாறு சொன்னேன் என எழுத விரும்புகிறேன். அதுவும் பொய். கலங்க அஞ்சியவன் நான். கடமையைச் செய்யும்போது கலங்காதிரு என்பதுதான் அத்தத்துவம். நான் அதைக் கடமைக்கு முன் இழுத்துப் போட்டுக்கொண்ட கதவாக்கினேன்.

நாள் 212. 11:20.
மேடு மறைத்ததால் என்னை எட்டாத அவரது கடைசிப் பேச்சு ஊர்தியிலிருந்து நான் எடுத்து வந்த பதிவுக்கருவியில் இருக்கிறது. நேரம் 13:31. "அவசரப்பட வேண்டாம் அண்ணாச்சி. மேட்டுல பாத்து எறங்குங்க. அப்பவே கெளம்பிட்டியள்லா, இந்நேரம் பக்கத்துல வந்திருப்பிய."

தலைமையகமும் கேட்டுவிட்டது. மகள் கடைசிவரை நம்பிக்கையோடு இருந்தாள் என்று அவருடைய தாயாருக்கு இப்பதிவை ஆறுதலாக அனுப்பப் போகிறார்களாம். என் ஒப்புதல் தேவையாம்.

தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். தடுக்காவிட்டால் அந்த அம்மாள் ஒவ்வொரு நாளும் அதைப் போட்டுக் கேட்டு, எனக்கு நன்றி சொல்வார்.