ஹோம் ரன்னுக்கு ஒரு வெடி

அன்புள்ள அப்பாவுக்கு ரீனா எழுதுறது. கர்த்தர் கிருபையில நான் சுகம். உங்க முட்டிவலி எப்படி இருக்கு? மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுறீகளா? எங்கூட நர்ஸா இருக்குற ஷைலா லீவுல சாத்தூர் வர்றா, அதான் அவகிட்ட இதைக் கொடுத்துவிடுறேன்.

இங்கன அமெரிக்காவுல எங்க ஊர் பேஸ்பால் டீம் இந்த வாரமும் தோத்துருச்சு. பந்து வீசுறவனுக்குக் கை ஓய்ஞ்சுபோச்சுன்னு எனக்கே தெரியுது, கோச்சுக்குத் தெரியலை. ஃபுட்பால் டீம்ல புதுசா எடுத்தவனும் வெறும் வாய்ச்சவடால்தான். சிரிக்காதீக. ஆஸ்பத்திரியில சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் இதைத்தான் பேசுறாக. இதுவும் தெரியலைன்னா எங்கூடப் பேச ஆளில்லை.

போன வாரம் என்னையும் ஆட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாக. எங்காளு ஒருத்தன் ஹோம் ரன் அடிச்சான், நம்ம சிக்ஸர் மாதிரி. உடனே மைதானத்துக்குப் பின்னாடி வெடி போட்டாக. எல்லாரும் எந்திரிச்சுக் கைதட்டுனாக. நானும் எந்திரிச்சேன். புகை எந்தப் பக்கம்னு தேடிக்கிட்டே உங்க நம்பரை அடிச்சேன். "என்னம்மா, கம்பெனி வேன் வந்துருச்சு"ன்னீக. ஒண்ணும் பேசாம வச்சிட்டேனே, காரணம் அந்த வெடிச் சத்தம்தான். நான் ஆட்டத்துல அம்புட்டு மூழ்கிட்டேன்னு பக்கத்துல இருந்தவுக தோளைத் தட்டுனாக.

கருவாடு வேண்டாம், ஏர்போர்ட்ல பிடுங்கிருவாக. காராச்சேவு மட்டும் ஷைலாகிட்ட கொடுத்துவிடுங்க.

பஸ் வர்ற நேரமாச்சு, இன்னும் ஒண்ணே ஒண்ணு. தினம் சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி கேட்ல வாட்ச்மேன்கிட்ட போனைத் திரும்ப வாங்குனதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்க. டூட்டியில இருப்பேன், எடுக்க மாட்டேன். அடிச்சாப் போதும்.

உங்க
ரீனா